கவுன்சிலிங் என்கிற சொல் – சில சரித்திரக் குறிப்புகள்

2005-ஆம் வருஷம் என்று ஞாபகம். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குக் கணிதம் எடுத்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரமாகக் கடைசி பெஞ்சில் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த ஒரு பையனை வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டு, "நீ ஒரு தடவை கவுன்சிலிங் போயிட்டு வாப்பா" என்றேன். அவன் மிரண்டுபோய், "கவுன்சிலிங்லதான சார் இந்தக் காலேஜே கெடச்சுது, திரும்பவும் போகணுமா?" என்றான். கேலி செய்யவில்லை. தன் சீட்டுக்கு ஏதோ ஆபத்து வந்துவிட்டது என்று பயந்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆசிரியர் அறைக்குப் போய் இதைச் சொல்லி மற்றவர்களையும் சிரிக்கவைத்தேன்.

சிரித்திருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது. பண்பு பற்றிச் சொல்லவில்லை, சரித்திரம் பற்றிச் சொல்கிறேன். அந்தப் பையன் அந்தச் சொல்லைத் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. அதன் மூல அர்த்தத்தில் புரிந்துகொண்டிருந்தான். கல்லூரி மாணவன் எதற்காக மனநல ஆலோசகரைத் தேடிப்போகிறான் என்று கேட்பதற்கு இன்று வினாப்படிவங்களுக்குக் குறைவில்லை. அவன் ஆலோசகரின் அறை வாசலில் வந்து நிற்கிற கணத்திலிருந்துதான் அவை கணக்கை ஆரம்பிக்கின்றன. அதற்கு முன்பே அவன் ஒரு கவுன்சிலிங்குக்குப் போய்வந்தவன் என்பது படிவத்தில் ஏறுவதில்லை.

தமிழ்நாட்டில் அது வீட்டுச் சொல்லானது 1997-க்குப் பிறகு. அந்த வருஷம்தான் அண்ணா பல்கலைக்கழகம் பொறியியல் சேர்க்கைக்கு ஒற்றைச் சாளர முறையைக் கொண்டுவந்தது. சர்க்கார் அதற்கு வைத்த பெயர் கலந்தாய்வு. (யார் கலந்தார்கள், எதை ஆய்ந்தார்கள் என்று கேட்கக் கூடாது.) ஜனங்கள் கவுன்சிலிங் என்றே சொன்னார்கள். எல்லா ஜில்லாக்களிலிருந்தும் குடும்பங்கள் ராத்திரி பஸ் ஏறிக் கிண்டிக்கு வந்து, பந்தலுக்கடியில் முறைக்காகக் காத்திருந்தன. எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் பாக்கி என்று திரையில் எண்கள் குறைந்துகொண்டே வரும். பெயர் கூப்பிட்டதும் பையனோ பெண்ணோ, கூட அப்பாவோ மாமாவோ, உள்ளே போய்ச் சில நிமிஷங்களில் ஒன்றைத் தொட்டுக்காட்டிவிட்டு, அலாட்மென்ட் ஆர்டரோடு வெளியே வந்துவிட வேண்டும். 2018-ல் எல்லாம் ஆன்லைனுக்குப் போயிற்று. பந்தல் போயிற்று, சொல் தங்கிவிட்டது.

இந்த முறையைப் பழிப்பது என் நோக்கமில்லை. மார்க் இருந்தும் சிபாரிசு இல்லாதவன் சீட்டு வாங்க முடிந்தது இதனால்தான். கிராமத்துப் பிள்ளைகளுக்கு இடைஞ்சலாக இருந்த நுழைவுத் தேர்வை எடுக்க 2006-ல் சட்டம் வந்தது. 2010-ல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக்கட்டணச் சலுகை வந்தது. இவை சின்னக் காரியங்கள் இல்லை. நான் சொல்ல வருவது வேறு. ஒரு தலைமுறைக்கே கவுன்சிலிங் என்றால் தனக்கென்று ஒதுக்கப்பட்ட இடத்தை வாங்கிக்கொள்வது என்றுதான் மனதில் பதிந்தது. அந்தப் பதிவில் பிழையில்லை.

ஏனென்றால் அந்தச் சொல் பிறந்ததே அப்படித்தான். 1908-ல் பாஸ்டன் நகரத்தில் பிராங்க் பார்சன்ஸ் என்பவர் தொழில் வழிகாட்டல் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். யந்திரங்களுக்கு நடுவே எந்த வேலைக்குப் போவது என்று தெரியாமல் நின்ற வாலிபர்களுக்காக ஏற்பட்டது அது. உன் திறமை என்ன, வேலை கேட்பது என்ன, இரண்டையும் எப்படிப் பொருத்துவது: பார்சன்ஸின் மூன்று கேள்விகள் இவ்வளவே. அவர் அதே வருஷம் இறந்துபோனார். புத்தகம் அடுத்த வருஷம் வந்தது. அதற்குப் பக்கத்திலேயே, தனியாக, இன்னொரு ஓடை. 1910-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் மாணவர்களுக்கென்று மனநலச் சேவை ஒன்றை ஆரம்பித்தது. புத்தியில் குறைவில்லாத பிள்ளைகள் படிப்பை நடுவில் விட்டுப் போவதற்கு மனசுதான் காரணமாக இருக்கிறது என்று கண்டதால். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து திரும்பிய சிப்பாய்கள் சர்க்கார் செலவில் லட்சக்கணக்கில் அமெரிக்கக் கல்லூரிகளில் நுழைந்தபோது இரண்டு ஓடைகளும் ஒன்றாயின. வேலைக்கு வழி கேட்டு வந்தவன் நடுராத்திரிக் கனவுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

நம்மிடம் வந்துசேர்ந்தது முதல் ஓடை மட்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.டி. போவாஸ் உளவியல் துறையைத் தொடங்கியது 1943-ல். அப்போது துணைவேந்தர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார். அவர் தலைமையில் 1952–53-ல் அமைந்த இடைநிலைக் கல்விக் கமிஷன் வழிகாட்டலையும் ஆலோசனையையும் பற்றித் தனியாகவே பேசியது. பையன் எந்தப் பாடம் எடுப்பது, எந்தத் தொழிலுக்குத் தயாராவது என்று சொல்லப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும் என்றது. 1964–66 கோத்தாரி கமிஷனும் அதே திசையில் போயிற்று. நாட்டுக்கு ஆள் தேவை. ஆளை இடத்தில் பொருத்த வேண்டும். திட்டமிட்ட பொருளாதாரத்தின் பாஷை இது.

அந்தப் பாஷைக்கு ஓர் ஊர் உண்டென்றால் அது ஆவடி. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடி 'சோஷலிச மாதிரி சமுதாயம்' என்று தீர்மானம் போட்ட இடம். யுத்த காலத்தில் ராணுவம் வந்திறங்கிய மண்ணில் அறுபதுகளில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. 1965-ல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அதற்கு முன்பே அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்திருந்தது, பிறகு டன்லப் வந்தது, 1964-ல் தொழிற்பேட்டை வந்தது. ஐ.டி.ஐ. முடித்தவன் லேத்துப் பட்டறையில் சேர்ந்து, கொரட்டூரிலோ திருமுல்லைவாயிலிலோ அரை கிரவுண்டு வாங்கி, ஓட்டு வீடு கட்டி, அதை மாடி வீடாக்கி, பிள்ளையை இஞ்சினியர் ஆக்குவது என்ற வாழ்க்கைப் படம் இந்த ரயில் பாதை நெடுகத் தீட்டப்பட்டது. 1969-ல் பட்டாபிராமில் இந்து கல்லூரி வந்தது. அதன் பேரில் ஒரு ரயில் நிலையமே இருக்கிறது. ஒரு கலைக் கல்லூரிக்கு இந்த மரியாதை அபூர்வம். 1984-க்குப் பிறகு எம்.ஜி.ஆர். ஆட்சி சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழி திறந்தது. தொண்ணூறுகளில் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் ஆவடிச் சாலையிலும் ஏரிக்கரைகளையும் வயல்களையும் ஒட்டிக் கட்டடங்கள் முளைத்தன. மாநிலம் முழுக்க எண்ணிக்கை ஒரு கட்டத்தில் ஐந்நூறைத் தாண்டியது. டன்லப் மூடிக்கொண்டது. தொழிற்பேட்டையில் லேத்துகள் இருந்த இடங்களில் கண்ணாடி போட்ட ஐ.டி. கட்டடங்கள் வந்தன. அப்பாவுக்குத் தெரிந்த வேலை எதுவும் பையனுக்கு உதவாது. பையன் படிப்பது என்ன என்று அப்பாவுக்குத் தெரியாது. கல்லூரி பஸ் விடியற்காலையில் தெருமுனைக்கு வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. படம் மட்டும் பழையதுதான்.

எல்லாக் கல்லூரிகளையும் போல எங்கள் கல்லூரியிலும் ஆசிரியருக்கு இருபது மாணவர்கள் வீதம் 'மென்டர்' என்று பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு நீளமான நோட்டு உண்டு. தேதி, பெயர், காரணம், எடுத்த நடவடிக்கை, கையெழுத்து. பல வருஷங்களின் நோட்டுகளை நினைத்துப் பார்த்தால், காரணம் என்ற பத்தியில் நான் எழுதியது நாலே நாலு: அரியர், அட்டெண்டன்ஸ், உடல்நிலை, வீட்டுப் பிரச்னை. பையன்கள் முதல் இரண்டோடு வருவார்கள். பெண்கள் பெரும்பாலும் மூன்றாவதோடு. தலைவலி, தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, நெஞ்சு படபடக்கிறது. நாலாவது காரணத்தை அவர்கள் சொன்னதில்லை. வேறெதையும் எழுத முடியாதபோது நானே எழுதிக்கொண்டது அது.

அரியர் என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். தேறாத பேப்பர் இங்கே பாக்கி ஆகிறது. வரிப்பாக்கி, வாடகைப்பாக்கி மாதிரி. அது கடன்காரனின் பாஷை. வங்கியில் வாங்கிய கல்விக் கடன் ஒரு பக்கம், அரியர் இன்னொரு பக்கம். முதல் செமஸ்டர் கணிதத்தில், அதாவது என்னிடம், தோற்றவன் அதை நாலாம் வருஷம் வரை சுமப்பதைப் பார்த்திருக்கிறேன். அரியர் உள்ளவனைக் கம்பெனிக்காரன் நேர்முகத்துக்கு உள்ளே விடுவதில்லை. 2020-ல் கொரோனாவை முன்னிட்டு, கட்டணம் கட்டியிருந்தவர்களின் அரியர் தேர்வுகள் ரத்து, எல்லோரும் தேர்ச்சி என்று அரசு அறிவித்தபோது, முதல்வரை வாழ்த்தி மாணவர்கள் பேனர் வைத்தார்கள். படித்தவர்கள் எல்லோரும் அந்தப் பேனர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த வருஷம் உயர் நீதிமன்றம் தேர்வு வைக்காத தேர்ச்சியை ஏற்கவில்லை. நீதிமன்றம் சொன்னது நியாயம்தான். ஆனால் அந்தப் பேனர்களைவிட நேர்மையான மனநல ஆவணம் ஒன்று இந்த மாநிலத்தில் வெளியானதாக எனக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் இது எப்படிக் கையாளப்பட்டது என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1986-ல் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு நிலையத்துக்கு, பரீட்சை முடிவு வரும் சீசன் ஒவ்வொரு வருஷமும் பெரும் சோதனை. தோற்றவன் அடுத்த மார்ச் வரை காத்திருக்க வேண்டியதில்லை, உடனே துணைத் தேர்வு எழுதலாம் என்ற ஏற்பாட்டுக்காக அவர்கள் வாதாடினார்கள், ஏற்பாடும் வந்தது. 2017-ல் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புக்கு மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கிற வழக்கத்தையே அரசு நிறுத்திவிட்டது. இவற்றில் யாரும் யார் மனசையும் தொடவில்லை. நாட்காட்டியை மாற்றினார்கள், ஒரு பட்டியலைக் கிழித்தார்கள், அவ்வளவுதான். நான் மதிக்கிற மனநலச் சிகிச்சை இது. கல்லூரியிலோ பேப்பர் தங்கிவிட்டால் இன்னும் ஆறு மாதம், நடுவில் ஆலோசகர்.

ஆலோசகரின் அறைக்குப் போகிறவன் அந்த அறையை மட்டும் பார்ப்பதில்லை. அதற்குப் பின்னால் கீழ்ப்பாக்கத்தைப் பார்க்கிறான். சென்னையில் 1794-ல் வாலண்டைன் கனோலி என்ற டாக்டர் நடத்திய பைத்தியக்கார விடுதியிலிருந்து தொடங்குகிறது அந்தச் சரித்திரம். 1871-ல் அது இப்போதைய இடத்துக்கு வந்தது. ஆவடி ரயிலில் நகரத்துக்குள் வருகிறவன் வில்லிவாக்கம் தாண்டிப் பெரம்பூர் வருவதற்குள், தண்டவாளத்துக்குத் தெற்கே அயனாவரத்துப் பக்கம் இருக்கிறது அதன் மதில். நூற்றைம்பது வருஷமாகத் தமிழில் ஊர்ப்பெயர் ஒன்று வசவாக நிற்கிறது. சினிமாவும் தன் பங்குக்கு அதைக் காமெடி ஆக்கியது. 1961-லிருந்து 1978 வரை அங்கே தலைமை வகித்த சாரதா மேனன் வெளிநோயாளிகளுக்கும் மறுவாழ்வுக்கும் வழி செய்து உள்ளே எவ்வளவோ மாற்றினார்; 1984-ல் ஸ்கார்ப் நிறுவனம் தோன்றவும் அவரே காரணம். வெளியே வசவு மாறவில்லை. கல்லூரியில் 'கவுன்சிலிங் சென்டர்' என்று பலகை மாட்டிய அன்றே பையன்கள் அந்த வராந்தாவுக்குக் கீழ்ப்பாக்கம் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இங்கே நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. எழுபதுகளில் கசடதபறவும் பிரக்ஞையும் வந்துகொண்டிருந்தபோது, தனிமை, அந்நியமாதல், இருத்தல், வெறுமை என்று எத்தனை சொற்கள் நம் கையில் புழங்கின! வாடகை அறையில் விட்டத்தைப் பார்த்துப் படுத்திருக்கும் படித்த இளைஞன் நமக்குக் கதாநாயகன். இரண்டு பத்திரிகைகளுக்கும் சேர்த்தே அந்த நோய்க்குறிகளை நாம் வர்ணித்துத் தீர்த்தோம். அந்தச் சொற்களில் ஒன்றாவது பட்டாபிராம் ரயிலேறிற்றா? "ஒரு மாதிரி இருக்கு சார்." இத்தனை வருஷத்தில் மாணவன் வாயிலிருந்து நான் கேட்ட வாக்கியம் இது ஒன்றுதான். எந்த மாதிரி என்று கேட்டால் பதில் இல்லை. கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தவன் 'டிப்ரஷன்', 'ஸ்ட்ரெஸ்' என்பான். அவையும் அலாட்மென்ட் ஆர்டர் மாதிரி மேலிருந்து வந்த சீட்டுகள். பன்னிரண்டு வருஷம் தமிழில் படித்துவிட்டு, முதல் வாரமே இங்கிலீஷ் லெக்சரில் மூழ்கிப்போகிற பையனுக்குத் தன் நிலையைச் சொல்லத் தமிழும் போய்விடுகிறது, இங்கிலீஷும் வந்து சேர்வதில்லை. நாம் நம் சொற்களை அழகு பார்த்து வைத்துக்கொண்டோம். யாழ்ப்பாணத்தில் வேறு மாதிரி நடந்தது. யுத்தத்துக்கு நடுவே தயா சோமசுந்தரம் போன்றவர்கள் பள்ளி ஆசிரியருக்கும் கிராமத்து ஊழியருக்கும் புரிகிற தமிழை உண்டாக்க வேண்டியிருந்தது. மனவடு, உளவளத்துணை எல்லாம் அங்கே நடைமுறைச் சொற்கள். உளவளத்துணை என்ற சொல்லில் துணை இருக்கிறது, கலந்தாய்வில் இல்லை.

நான் செய்த காரியம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் நோட்டில் இருந்த ஒரு பெண், மூன்றாம் வருஷம், நன்றாகப் படிக்கிறவள். மார்க் சரிந்தது. கூப்பிட்டுக் கேட்டேன். தலைவலி என்றாள். பிறகு ஒருநாள் தானாகவே வந்து, ஒரு பையனைப் பிடித்திருக்கிறது, வேறு ஜாதி, வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை என்றாள். பேருக்குக்கூடப் பையன்களும் பெண்களும் நின்று பேசக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்த கல்லூரி அது. நோட்டில் 'எடுத்த நடவடிக்கை' என்ற பத்தி காலியாக இருந்தது. விதிப்படி பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தேன். பொறுப்போடு நடந்துகொண்டதாகத்தான் அன்று நினைத்தேன். மறு திங்கட்கிழமையிலிருந்து அவள் வரவில்லை. டி.சி. வாங்க அண்ணன் வந்தான். எனக்குக் கைகொடுத்து நன்றி சொன்னான். அந்த நன்றியை என்னால் இன்னும் எங்கேயும் வைக்க முடியவில்லை.

அட்டெண்டன்ஸ் போடுகிற கையும் காது கொடுக்கிற ஆளும் ஒன்றாக இருக்க முடியாது. இது தெரிய எனக்கு ஒரு பெண்ணின் படிப்பு தேவைப்பட்டது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தன்பால் காதலர்களான இரண்டு பெண்களின் பாதுகாப்பு வழக்கை விசாரித்தபோது, இந்த விஷயம் தனக்கே சரியாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, தானே ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு தீர்ப்பு எழுதினார். இயல்பை 'மாற்றும்' சிகிச்சைகளைத் தடை செய்யவும் சொன்னார். பிள்ளையைச் சரிபண்ணித் தரச் சொல்லி ஆலோசகரிடம் இழுத்துக்கொண்டு வரும் குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும். நாற்காலி மாறியது. கேட்கப் போனவர் நீதிபதி. எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவருக்கும் அது தோன்றியிருக்காது, எனக்கும்தான்.

சட்டங்கள் இங்கே எப்போதும் ஒரு சாவுக்குப் பிறகு வருகின்றன. 1996-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நாவரசு கொல்லப்பட்ட பிறகு 1997-ல் ராகிங் தடைச் சட்டம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2022-ல் நாடு முழுக்கத் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்து தமிழ்நாடு. அந்த வருஷமே 14416 என்ற எண்ணில் 'நட்புடன் உங்களோடு' தொலைபேசிச் சேவை இங்கே வந்தது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மாணவர் தற்கொலைகளை ஆராயத் தேசியப் பணிக்குழு அமைத்தது. ஜூலையில் இன்னொரு வழக்கில், நூறு மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள ஒவ்வொரு கல்வி நிலையத்திலும் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்றது. ஆகவே இப்போது அறைகள் தயாராகின்றன. பழைய ஸ்டோர் ரூம்களுக்கு வெள்ளை அடித்து, மேஜை, இரண்டு நாற்காலி, சுவரில் மலைக்காட்சிப் படம்.

ஆனால் பையன் அறைக்குப் பலகையைப் பார்த்து வருவதில்லை. ஏற்கெனவே போய்வந்த இன்னொருவன் சொல்லித்தான் வருகிறான். பொருள் பெற்ற பாணன் வழியில் எதிர்ப்பட்ட இன்னொரு பாணனிடம், இந்த வழியாகப் போ, இன்னாரைப் பார் என்று சொல்லி அனுப்பியதைத்தான் நம் ஆட்கள் ஆற்றுப்படை என்றார்கள். சமூகப்பணிக்காரர்கள் சிலர் கவுன்சிலிங்கை ஆற்றுப்படுத்துதல் என்று மொழிபெயர்க்கிறபோது இதை நினைத்தார்களோ என்னவோ. நான் வேலையைவிட்டு வந்த பிறகு, சென்ற வருஷம் ஆவடிப் பிளாட்பாரத்தில் என் பழைய கல்லூரிப் பையன்கள் இருவர் என்னை அடையாளம் கண்டு வந்தார்கள். ஒருவன்தான் பேசினான். காலேஜில் புதிதாகக் கவுன்சிலர் மேடம் வந்திருக்கிறார்களாம்; போகலாமா என்று கேட்டான். "எனக்கில்ல சார், ஃப்ரெண்டுக்கு." மற்றவன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். போகலாம் என்றேன். அப்புறம் அந்த மற்றவன் திரும்பாமலே கேட்டான்: "வீட்டுக்கு ஃபோன் பண்ணுவாங்களா சார்?"

2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 23-ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. சிகிச்சை பெறுகிறவர் சொன்னதை ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டிய கடமை அவரைப் பார்க்கிற மருத்துவத் தொழில் செய்பவர்களுக்கு உண்டு. மென்டர் நோட்டில் எழுதுகிற கணித வாத்தியாரை அந்தப் பிரிவு கட்டுப்படுத்தாது. மேடம் பண்ணமாட்டார்கள், வேறு யாரிடமும் சொல்லாதே என்றேன். திருவள்ளூர் வண்டி வந்துவிட்டது. ஏறிக்கொண்டார்கள்.